பெர்சியன் பூனையின் முகம் எப்போது தட்டையானது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நீள்முடிப் பூனைகளைப் பற்றி வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு பெர்சியன் பூனையை வளர்த்துவரும் எனக்கு, அந்த இனத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாகப் படிக்கக் கிடைத்தது பெரிய மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையின் நடுவே, மூக்கு இரு கண்களுக்கும் இடையில் பொத்தான் போல அழுந்தியிருக்கும் ஒரு பூனையின் படத்தைப் போட்டு, நானூறு ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த அதே பூனை இது என்று படக்குறிப்பு எழுதியிருந்தீர்கள். அந்தப் பூனையின் முடி பழையதுதான், பெயரும் ஓரளவு பழையதுதான். முகத்துக்கு நூறு வயதுகூட ஆகியிருக்காது. இந்தப் பிழை சிறியதாகத் தோன்றினாலும், இன்றைய பெர்சியன் பூனைகள் படும் துன்பத்தோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன்.

கட்டுரையில் பெயர் மட்டும் சொல்லிக் கடந்துவிட்ட பியெத்ரோ தெல்லா வல்லே என்ற ரோமானியப் பயணியிடமிருந்தே தொடங்கலாம். 1617 முதல் சில ஆண்டுகள் பாரசீகத்தில் வாழ்ந்த அவர், 1620இல் எழுதிய ஒரு கடிதத்தில் குராசான் பகுதியின் பூனைகளை வருணித்திருக்கிறார். உடலமைப்பில் அவை சாதாரணப் பூனைகளைப் போன்றவையே என்றும், அழகெல்லாம் நிறத்திலும் முடியிலும்தான் இருக்கிறது என்றும் அவர் சொல்கிறார். புள்ளியோ கோடோ இல்லாத சாம்பல் நிறம், முதுகிலும் தலையிலும் சற்று அடர்ந்தும் மார்பிலும் வயிற்றிலும் வெளிறியும் இருக்குமாம். முடி பட்டுப்போல மென்மையானது. வாலில்தான் அது மிக நீளம். அந்த வாலை அணிலைப் போல முதுகின் மேல் மடித்துக்கொள்ளும் என்கிறார். இத்தனை நுணுக்கமாகப் பார்த்தவருடைய கண்ணுக்கு, மூக்கே இல்லாதது போன்ற ஒரு முகம் தப்பியிருக்கும் என்று நம்ப முடியவில்லை. ரோமுக்குக் கொண்டுபோகும் எண்ணத்தோடு அவர் அவற்றைத் தேடிச் சேர்த்ததற்குக் காரணம் முடியும் அதன் நிறமுமே.

ஏறத்தாழ அதே காலத்தில் இன்றைய துருக்கியிலிருந்தும் நீள்முடிப் பூனைகள் பிரான்சுக்கு வந்துகொண்டிருந்தன. அங்காரா நகரின் பழைய பெயரால் அவற்றை அங்கோரா என்று அழைத்தார்கள். பிறகு வந்த இருநூறு ஆண்டுகளில் ஐரோப்பியர்கள் இந்த இரு வகைகளையும் தங்கள் ஊர்ப் பூனைகளோடும் ஒன்றோடொன்றும் தாராளமாகக் கலந்தார்கள். 1871 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் முதல் பெரிய பூனைக் கண்காட்சியை நடத்திய ஹாரிசன் வீர், பெர்சியனுக்கும் அங்கோராவுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதிவைத்திருக்கிறார். பெர்சியனுக்குத் தலை சற்றுப் பெரியது, காது அவ்வளவு கூர்மையில்லை, முடி அடர்த்தியாகவும் நுனியில் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும் என்ற அளவில்தான் அவை நிற்கின்றன. அந்தக் காலத்துப் பரிசுப் பூனைகளின் ஒளிப்படங்களைப் பார்த்தால், முடியைக் கழித்துவிட்டு நோக்கும்போது அவற்றின் முகம் நாம் தெருவில் பார்க்கும் பூனையின் முகத்திலிருந்து பெரிதாக விலகியிருக்காது.

கலப்பு எவ்வளவு ஆழமானது என்பதை மரபணு ஆய்வும் காட்டிவிட்டது. பல நாட்டுப் பூனைகளையும் பதிவுபெற்ற இனங்களையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பெர்சியன் பூனைகள் மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் சேர்ந்து நின்றன. பாரசீகத்தின் தொடர்பு பெயரில் தங்கியிருக்கிறது. ரத்தம் பெரும்பாலும் ஐரோப்பாவுடையது. இதனால் அந்த இனத்தின் மதிப்பு எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் கட்டுரையில் இருந்த "கலப்பில்லாத பாரசீக வம்சம்" என்ற சொற்களை ஏற்க முடியாது.

நீள்முடிக்கான காரணமும் சுவையானது. முடி ஒரு குறிப்பிட்ட நீளம் வளர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு பூனையின் உடலில் இருக்கிறது. அது பழுதுபட்டால் முடி நின்றுவிடாமல் மேலும் வளர்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குட்டிக்கு நீள்முடி அமையும் என்பதால், குட்டைமுடிப் பெற்றோருக்கும் எப்போதாவது புசுபுசுவென்று ஒரு குட்டி பிறப்பதுண்டு. பெர்சியனின் சிறப்பு நீளத்தோடு முடிவதில்லை. மேலே நீண்ட முடியும் அதற்கு அடியில் பஞ்சு போன்ற அடிமுடியும் சேர்ந்து வளர்வதால்தான் கழுத்தைச் சுற்றிச் சிங்கப் பிடரியும், பின்னங்கால்களில் கால்சட்டை போட்டது போன்ற தோற்றமும் கிடைக்கின்றன. அந்த அடிமுடிதான் சிக்கு விழும் இடமும். காதின் பின்புறத்திலும் முன்னங்காலின் அக்குளிலும் இரண்டு நாள் சீப்புப் படாவிட்டால் சடை கட்டிவிடும். பிறகு விரலால் பிரித்துப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி முகத்துக்கு வருகிறேன். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சில சிவப்பு நிறப் பெர்சியன்கள் பெகினீஸ் நாயை நினைவூட்டும் அமுங்கிய முகத்தோடு பிறந்தன. அவற்றைத் தனியாகப் போற்றி வளர்த்தார்கள். நூற்றாண்டின் பிற்பாதியில், மூக்கு குட்டையாக ஆக ஆகக் கண்காட்சியில் பரிசு கூடும் என்ற நிலை மற்ற நிறங்களுக்கும் பரவியது. அமெரிக்காவில் 1906இல் தோன்றிய கேட் ஃபேன்சியர்ஸ் அசோசியேஷன் என்ற பூனை இனப் பதிவு அமைப்பு பெர்சியனுக்கு வகுத்திருக்கும் தர விதியைப் படித்தால் இது விளங்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது நெற்றியும் மூக்கும் மோவாயும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்கிறது அது. மொத்தம் 100 மதிப்பெண்ணில் தலைக்கு 30, முடிக்கு 10. முடிக்காகவே கடல் கடந்து வந்த ஓர் இனத்தில் முடிக்குப் பத்தே மதிப்பெண் என்பதை முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். பிரிட்டனின் பதிவு அமைப்பு மூக்கின் மேல்விளிம்பு கண்ணின் கீழ்விளிம்பைத் தாண்டி மேலே போகக்கூடாது என்று ஓர் எல்லை வகுத்திருக்கிறது. அந்த அளவுக்காவது ஆறுதல்.

இதன் விலையைப் பூனைதான் கொடுக்கிறது. மண்டையோடு குறுகும்போது உள்ளே இருக்கும் மென்திசுக்கள் அதே அளவில் குறுகுவதில்லை. மூக்குத் துளை இடுங்கி மூச்சு இரைகிறது, தாடையில் பல் வரிசை கோணுகிறது. கண்ணீரை மூக்குக்குள் இறக்கும் மெல்லிய குழாய் வளைந்து மடங்கிவிடுவதால் கண்ணீர் முகத்தில் வழிகிறது. எங்கள் பூனைக்கு நான் தினமும் காலையில் செய்யும் முதல் வேலை, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் கண்ணின் உள்மூலையிலிருந்து கீழ்நோக்கித் துடைப்பது. துருநிறத்தில் ஒரு கோடு பஞ்சில் வரும். துடைக்காமல் விட்ட அன்று மாலைக்குள் அந்த இடம் பிசுபிசுத்து, ஓரிரு நாளில் தோல் சிவந்துவிடும். ஆழமான கிண்ணத்தில் உணவு வைத்தால் அவளால் கவ்வ முடியாது. தட்டையான தட்டில் பரப்பி வைத்தால் மூக்கு முழுவதும் அப்பிக்கொண்டு, நடுவில் தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிவாள். அவளை எனக்குக் கொடுத்தவர், இது அந்த இனத்தின் இயல்பு, காலங்காலமாக இப்படித்தான் என்று சொன்னார். நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பினேன். உங்கள் படக்குறிப்பும் அதையே சொல்வதைப் பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை.

ஹிமாலயன் பூனை இமயமலையில் தோன்றியது என்ற பொருள்படும் வரியும் திருத்தப்பட வேண்டும். பெர்சியனையும் சயாமியப் பூனையையும் கலந்து 20ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது அது. முகம், காது, கால், வால் ஆகியவை மட்டும் கறுத்திருக்கும் ஹிமாலயன் முயலின் நிற அமைப்பை ஒத்திருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது ஓர் உதவி செய்ய வேண்டுகிறேன். 1900ஆம் ஆண்டையொட்டிய பெர்சியன் பூனை ஒன்றின் ஒளிப்படத்தை, நீங்கள் வெளியிட்ட படத்தின் அருகிலேயே அதே அளவில் அச்சிடுங்கள். மூக்கு சற்று நீண்ட, "பொம்மை முகம்" எனப்படும் பழைய தோற்றமுள்ள பெர்சியன்களை வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பெர்சியன் குட்டி வாங்க நினைத்து உங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கும் வாசகர் யாரேனும் இருந்தால், குட்டியின் முகத்தைப் பக்கவாட்டிலும் ஒருமுறை பார்க்க அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்