விண்டோஸ் 11க்கு மாறுமுன் நகலைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் ஆலய அலுவலகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், சிறு கடைகள் என்று பலரும் இருக்கிற கணினியிலேயே விண்டோஸ் 11 ஏற்றுகிறார்கள். "ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும், ஒன்றும் ஆகாது" என்ற வாய்வார்த்தையை நம்பி நகலெடுக்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏழெட்டு வருடம் ஓடித் தேய்ந்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரே மூச்சில் பல ஜிபி எழுதும் வேலை இது. போகப்போகிற டிஸ்க் அன்றைக்கே போய்விடலாம். பழைய விண்டோஸுக்கு 10 நாளுக்குள் திரும்பலாம் என்ற வசதியும் அதே டிஸ்க்கைத்தான் நம்பியிருக்கிறது.

முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். 'குட்' என்று வந்தால் மேலே போகலாம். மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் கோப்புகளை உடனே வெளியே எடுங்கள். புது எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத புதுவகை டிஸ்க்) போட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர் எத்தனை ஜிபி என்று பார்த்து, அதைப்போல் இரு மடங்கு இடமுள்ள வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். அடிமாட்டு விலைக்கு இணையத்தில் விற்கும் '2 டிபி' பென்டிரைவ்களில் பெரும்பாலானவை போலி. உள்ளே இருக்கும் சொற்ப இடம் நிரம்பிய பின்னும் நகலாவதுபோலவே காட்டும். திறந்தால்தான் கோப்பு பாழ் என்று தெரியும். டிஸ்க் ஃபேட்32 வகையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட எந்தக் கோப்பும் ஏறாது. திருவிழா வீடியோக்கள் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும். காலி டிஸ்க்கை முதலிலேயே எக்ஸ்ஃபேட் ஆக்கிவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் மேகக் குறியோடு இருக்கும் கோப்புகள் உங்கள் கணினியில் இல்லை. அவற்றையும் இறக்கிச் சேர்க்க வேண்டும்.

கணக்கு மென்பொருளின் தரவு பெரும்பாலும் 'டாக்குமென்ட்ஸ்' பக்கமே இருக்காது. மென்பொருளின் உள்ளேயே இருக்கும் பேக்கப் மெனுவில்தான் எடுக்க வேண்டும். வியாபாரக் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது மலேசிய வருமான வரிச் சட்டம்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. இதில்தான் விஷயம் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல மடிக்கணினிகளில் இது கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். விண்டோஸ் 11க்காக பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புப் பகுதி) டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இரண்டின் அமைப்பையும் மாற்றினால், அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்க முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. சாவி இருப்பது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் போன நிர்வாகத்தின் செயலாளராக இருந்தால்? முன்கூட்டியே சாவியைத் தேடி எடுத்துக் காகிதத்தில் அச்சிட்டு, தலைவரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று கொடுத்து வையுங்கள். பயாஸைத் தொடுமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். 'கிளியர் டிபிஎம்' என்ற பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துருக்கள். பாமினி போன்றவற்றில் தட்டிய கூட்டக் குறிப்புகளும் ஆண்டு மலர்களும் இன்றும் பல சங்கங்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. விண்டோஸைப் புதிதாக நிறுவி எழுத்துரு போய்விட்டால், 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று திரையில் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எழுத்துருவைத் திரும்பப் போட்டால் அம்மா வந்துவிடும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' பகுதியிலிருந்து பழைய தமிழ் எழுத்துருக்களையும் நகலெடுங்கள். முக்கியமான ஆவணங்களைப் பிடிஎஃப் ஆகவும் சேமித்துக்கொள்ளுங்கள்.

நகலெடுத்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துப் பதினைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

பிறகு டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, காலையிலேயே மேம்படுத்தலைத் தொடங்குங்கள். கோலாலம்பூரில் பிற்பகல் மூன்று நான்கு மணி இடிமழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாதியில் மின்சாரம் போனால் விண்டோஸ் கெடும். மின்னல் பாய்ந்தால் செருகியிருக்கும் நகலும் சேர்ந்தே போகும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் அவசியம். எல்லாம் சரியாக ஓடினாலும் அந்த டிஸ்க்கை ஒரு மாதத்துக்கு அழிக்காமல் வைத்திருங்கள். மாதக் கணக்கை முடிக்கும்போதுதான் ஏதோ ஒரு கோப்பு விடுபட்டது தெரியவரும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்போர் சிலர்,
செந்தூல், கோலாலம்பூர்