கார்ட்லெஸ் போன், ஃபேக்ஸ் தகராறு செய்தால்

நண்பர்களே, அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்சில் (PBX) இணைத்த கார்ட்லெஸ் போனில் டயல் டோன் வரவில்லையா? கருவியை மாற்றும் முன் அது எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். சாதாரண கார்ட்லெஸ், ஃபேக்ஸ் எல்லாம் அனலாக் கருவிகள், அதாவது சாதாரண வீட்டு போன் லைனில் இயங்குபவை; டிஜிட்டல் மேசை போனுக்கான போர்ட்டில் வேலை செய்யாது. ஜாக் ஒரே மாதிரி இருப்பதால்தான் இந்தக் குழப்பம். பழைய அனலாக் போன் ஒன்றை அதே ஜாக்கில் செருகுங்கள், டோன் வந்தால் லைன் சரி.

கார்ட்லெஸில் கரகர சத்தம் என்றால் அதன் பேஸை (லைனோடு இணைந்திருக்கும் அடிப்பகுதியை) வைஃபை ரவுட்டரிலிருந்து தள்ளி வையுங்கள்.

அப்புறம் ஃபேக்ஸ், இதுதான் அதிகம் படுத்தும். வெளி லைனுக்கு 9 அழுத்த வேண்டியிருந்தால், சேமித்த எண்ணில் 9-க்குப் பின் ஒரு பாஸ் (pause, சிறு இடைநிறுத்தம்) சேருங்கள். ஃபேக்ஸ் இருக்கும் எக்ஸ்டென்ஷனில் (உள் இணைப்பில்) கால் வெயிட்டிங்கைக் கட்டாயம் நிறுத்துங்கள். நடுவில் வரும் ஒரு பீப் போதும், பக்கம் பாதியில் அறுந்துவிடும். இணையவழி லைனில் அடிக்கடி தோற்றால் ஃபேக்ஸ் வேகத்தை 9600 bps-க்கு (நொடிக்கு 9600 பிட்) குறைத்துப் பாருங்கள்.