மலை ரயிலின் மரப்பெட்டி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்தும் குன்னூரிலிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கடந்த ஏப்ரல் தொடங்கி இந்த மார்ச் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

இவ்வாண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு முதலில் அஞ்சலி செலுத்துகிறோம். அவர்களுள் ஒருவர் மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக, அதாவது பெட்டியின் பிரேக்கை இயக்கும் ஊழியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் சொல்லிக் கொடுத்தவை இந்த அறிக்கையின் பல பகுதிகளில் இருக்கின்றன என்பதால், அவரைப் பற்றிப் பின்னர் மீண்டும் குறிப்பிடுவேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. கூட்டக் குறிப்புகள் அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுவதும் நம் உழைப்பையும் நிதியையும் எடுத்துக்கொண்டது மலை ரயிலின் பழைய பயணிகள் மரப்பெட்டி ஒன்றை மீட்கும் பணி ஒன்றே ஆதலால், அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காகச் சில செய்திகள். நீலகிரி மலை ரயிலின் மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1908-இல் உதகமண்டலம் வரை நீண்டது. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மீட்டர் கேஜ் பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பல்தண்டவாளம் ஓடுகிறது. அங்கே ஏற்றம் சில இடங்களில் பன்னிரண்டடிக்கு ஓரடி என்னும் அளவுக்குச் செங்குத்தாகிறது. எஞ்சின் எப்போதும் பெட்டிகளுக்குச் சரிவின் கீழ்ப்புறத்திலேயே நின்று, ஏறும்போது அவற்றைத் தள்ளியும் இறங்கும்போது அவற்றின் பாரத்தைத் தாங்கியும் செல்கிறது. ஆகவே மேலேறும் வண்டியின் டிரைவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பு மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் காட்டும் கொடியே அவருக்குக் கண். யுனெஸ்கோ 2005-இல் இப்பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றபின் எஞ்சின்களைப் பற்றி எழுதாதவர் இல்லை. மக்கள் உட்கார்ந்து சென்ற பெட்டிகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு என்பது என் நெடுநாளைய வருத்தம்.

நம் பெட்டி மேட்டுப்பாளையத்தை அடுத்த ஒரு பாக்குத் தோப்பில் இருந்தது. ஓட்டத்துக்குத் தகாதது என்று கழிக்கப்பட்டு ஏலத்தில் போன பெட்டியைத் தோப்பின் முந்தைய உரிமையாளர் வாங்கி, சக்கரங்கள் கழற்றப்பட்ட நிலையில் செங்கல் தூண்களின்மேல் ஏற்றி, பாக்கு மூட்டையும் உர மூட்டையும் அடுக்கும் கிடங்காக்கியிருந்தார். அவருடைய குடும்பத்தார் கிணற்றடியில் புதிய கிடங்கு கட்டியதும், பெட்டியைப் பிரித்து விறகாகவும் பழைய இரும்பாகவும் விற்க எண்ணியிருந்தனர். செய்தி நமக்கு எட்டியதும் தலைவர் அவர்களும் நானும் அன்று மாலையே சென்று பார்த்தோம். ஒருபுறம் சரிந்து, கூரை பிளந்து, உள்ளே எலி வளைகளோடு அது இருந்தது. ஆனால் கதவின் கீழ்ப்பலகையைக் கத்தியால் சுரண்டியபோது, கறுத்த மேல்தோலுக்கு அடியில் தேக்கின் பொன்னிறமும் அதன் எண்ணெய் மணமும் அப்படியே இருந்தன. குடும்பத்தார் நம்மிடம் விறகின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

இது மலை ரயில் பெட்டிதானா என்னும் ஐயம் சிலருக்கு இருந்தது. ஒரு முனையில் இருந்த திறந்த மேடையும், அங்கே பிரேக்ஸ்மேனுக்கான இருக்கையைத் தாங்கிய இரும்புத் தாங்கிகளும், கைப்பிரேக்கின் தண்டு இறங்கும் துளையும் அந்த ஐயத்தைத் தீர்த்தன. மறைந்த நம் பிரேக்ஸ்மேன் அந்த மேடையில் ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டே பிரேக் சக்கரம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துக் காட்டினார். தண்டு இறங்கும் துளை அவர் கைக்கு நேர் கீழே இருந்தது.

பெட்டியை எடுத்து வருவதற்கு முன்பு, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்து, பக்கச் சுவர்கள் கோணாதவாறு கட்டினோம். பாரம் முழுவதும் அடியிலுள்ள எஃகுச் சட்டத்தின்மேல் மட்டுமே விழுமாறு பட்டைகளைப் பூட்டி, கிரேன் மூலம் லாரியில் ஏற்றினோம். மரப்பெட்டியின் உடலைப் பிடித்துத் தூக்கினால் பொருத்துகள் அனைத்தும் விட்டுப் போய்விடும் என்று மூத்த ஆசாரி எச்சரித்திருந்தார். வெயிலுக்கு முன் முடிக்க எண்ணித் தொடங்கிய வேலை மாலை வரை நீண்டது. ஆனால் ஒரு சன்னல் சட்டம்கூட உடையவில்லை.

அதன்பின் நாம் செய்த தவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொட்டகை அமைக்கும்முன் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெட்டி நனையக்கூடாது என்ற பதற்றத்தில் தார்ப்பாயை நாற்புறமும் தரை வரை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டோம். நனையவில்லை, ஆனால் காற்றும் போகவில்லை. மரத்தின் ஈரமும் மண்ணின் ஆவியும் உள்ளேயே தங்கி, தார்ப்பாயை அவிழ்த்தபோது உட்பலகைகளில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் மக்கச்செய்யும் பூஞ்சைக்கு அது விருந்தாகிவிடும் என்பதை ஈரமானி வாங்கிய பிறகே நாம் உணர்ந்தோம். பல ஆண்டு மழையில் தப்பிய சில பலகைகளை நம் ஒரு மாத அக்கறை கெடுத்துவிட்டது. இந்த முடிவு என் பொறுப்பில் எடுக்கப்பட்டது. மழை விட்டதும் மற்ற வேலை அனைத்தையும் நிறுத்திவிட்டு, உயரமான தகரக் கூரையும் நாற்புறமும் திறந்த பக்கங்களும் உள்ள கொட்டகையை எழுப்பினோம். இனி எந்தப் பழைய பெட்டியை நாம் எடுத்தாலும் கொட்டகை முதலில், பெட்டி பிறகு என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

அடுத்து, உறுப்பினர்களிடையே நீண்ட விவாதத்தை எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். பெட்டியின் நிற்கும் தூண்களுள் பலவற்றின் அடிப்பகுதி மக்கியிருந்தது. சன்னல் கண்ணாடியை இறக்கிவைக்கும் இடைவெளியில் மழைநீர் இறங்கி, வெளியேற வழியின்றித் தூணின் காலடியில் தேங்கியதே காரணம். உர மூட்டைகள் இருந்த முனையில் உப்பு ஏறி, இரும்புத் திருகாணிகள் பொடியாகி, எஃகுச் சட்டத்தையும் அரித்திருந்தது. முழுத் தூண்களையும் கழற்றிவிட்டுப் புதிய மரத்தில் அனைத்தையும் செய்துவிடலாம், விரைவாகவும் பார்வைக்குச் சீராகவும் முடியும் என்று ஒரு சாரார் கருதினர். அவர்களுடைய நோக்கம் நல்லதே. ஆயினும் அப்படிச் செய்தால் நம் கொட்டகையில் நிற்பது பழைய பெட்டியைப் போன்ற ஒரு புதுப்பெட்டியாக இருக்குமே தவிர, மக்கள் ஏறிச் சென்ற அந்தப் பெட்டியாக இராது என்பதைச் செயற்குழு பெரும்பான்மையாக ஏற்றது. மக்கிய அளவுக்கு மட்டும் வெட்டி எடுப்பது, வெட்டிய இடத்தில் தேக்கையே ஒட்டுப்போடுவது, ஒட்டிய துண்டின் உட்புறத்தில் ஆண்டைப் பொறிப்பது என்பதே நாம் வகுத்துக்கொண்ட விதி. பிளாஸ்டிக் பசையைக் குழிகளில் ஊற்றி நிரப்பும் யோசனையும் வந்தது. பசைக்கும் மரத்துக்கும் இடையே நீர் புகுந்தால் வெளியே தெரியாமல் மக்கும் என்பதால் அதை ஏற்கவில்லை.

ஒட்டுப்போடும் வேலையை மூத்த ஆசாரியும் அவருடைய மகனும் செய்தனர். தூணின் கெட்ட அடியைச் சாய்வாக வெட்டி, தூணின் கனத்தைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வைக் கொடுத்து, அதே சாய்வில் இழைத்த புதுத்துண்டை அதன்மேல் அமர்த்துவது அவர்களுடைய முறை. சாய்வு நீளமாக இருந்தால்தான் ஒட்டும் பரப்பு கூடி, இரு துண்டும் ஒரே மரம்போலப் பாரத்தை ஏற்கும். இதற்கான மரத்தைக் கடையில் வாங்கவில்லை. இப்போது அறுக்கும் இளந்தேக்கில் வெளிர்மரம், அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி மிகுதி. அது கரையானுக்கும் மழைக்கும் தாங்காது. காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த பர்மாத் தேக்கு உத்திரங்களை வாங்கிவந்து அறுத்தோம். பல்லாண்டு காய்ந்த மரம் ஆதலால் அது சுருங்குவதும் விரிவதும் பெட்டியின் பழைய மரத்தோடு ஒத்துப்போகிறது. தூண்களின் அடியில் நீர் வடியும் துளைகளைத் திறந்துவிட்டோம். தூசியும் பழைய பெயின்ட்டும் அடைத்திருந்தனவே தவிர, முதலில் செய்தவர்கள் அவற்றை விட்டுத்தான் சென்றிருக்கிறார்கள்.

துருப்பிடித்து இறுகிய திருகாணிகளை வெறும் திருப்புளியால் கழற்ற முயன்றால் தலை உடைந்துவிடும். சூடேற்றிய பற்றாசுக் கோலைத் திருகாணியின் தலையில் சற்று நேரம் வைத்தால் இரும்பு விரிந்து பிடி தளரும். ஆறியபின் எளிதில் திரும்பும். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த கல்லூரி மாணவர்கள் இதைப் பழகிக்கொண்டு பொறுமையோடு செய்தனர். கழற்றிய ஒவ்வொரு பலகைக்கும் எண் எழுதி, படம் எடுத்து, பதிவேட்டில் ஏற்றியிருக்கிறோம். மரம் முழுவதற்கும் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசியுள்ளோம். அது மழையில் கரைந்து போகும் தன்மையுடையது என்பதால், கொட்டகை இல்லாமல் பூசியிருந்தால் பணம் வீண்.

பெயின்ட்டைச் சுரண்டும் வேலையில் மிகுந்த எச்சரிக்கை கொண்டோம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால், நெருப்பால் பொசுக்குவதையும் உலர உப்புத்தாள் தேய்ப்பதையும் அடியோடு தடை செய்தோம். நனைத்தே சுரண்டி, செதில்களைத் தாளில் பிடித்து அப்புறப்படுத்தினோம். சிறுவர்களை அந்தப் பக்கம் விடவில்லை. மேலே நீலம், அதனடியில் செங்காவி, அதற்கும் அடியில் கரும்பழுப்பு என்று அடுக்குகள் இறங்கின. ஒரு கதவில் மட்டும், பழுப்பு நிறத்தின்மேல் மஞ்சளில் எழுதிய மூன்று நேர்கோடுகள் மெல்ல வெளிப்பட்டன. மூன்றாம் வகுப்பு. இந்திய ரயில்வே 1974-இல் மூன்றாம் வகுப்பை நீக்கியது. அதற்கு முன்னரே இப்பெட்டி மலையேறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அந்தக் கதவை மறுபடி பெயின்ட் அடிக்காமல், எழுத்து தெரியும்படி அப்படியே விட வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன்.

தை மாதத்தில் உறுப்பினர்கள் மைசூர் ரயில் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவந்தோம். மகாராணியின் சலூன் என்னும் சொகுசுப் பெட்டியில் பலகைகளை இணைத்திருக்கும் நேர்த்தியை ஆசாரி நெடுநேரம் தடவிப் பார்த்தார். டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்திலும் வேல்ஸ் இளவரசருக்காக 1875-இல் செய்த சலூன் காக்கப்பட்டு வருகிறது. அரசர்களின் பெட்டிகளைக் காக்க நாட்டில் பலர் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டக் கூலிகளும் காய்கறி வியாபாரிகளும் மரப்பலகையில் நெருங்கி அமர்ந்து போன மூன்றாம் வகுப்புப் பெட்டியைக் காக்க நம்மைப் போன்ற சிறு சங்கங்கள்தாம் முன்வர வேண்டியிருக்கிறது.

இன்னும் எஞ்சியுள்ள பணிகள்: வலப்பக்கத் தூண்களில் ஒட்டுப்போடுவது பாதியளவு முடிந்திருக்கிறது. கூரைப் பலகைகளைச் சரிசெய்து, கெட்டியான பெயின்ட்டின்மேல் கித்தானை இழுத்து விரித்து, அதன்மேல் பல பூச்சுகள் கொடுக்க வேண்டும். இதை அடுத்த மழைக்கு முன் முடிக்க விரும்புகிறோம். இருக்கைப் பலகைகளுள் பாதி கிடைக்கவில்லை. பழைய பலகைகளை அளவாகக் கொண்டு புதியவை செய்வோம். கைப்பிரேக்கின் சக்கரத்துக்கு, மறைந்த பிரேக்ஸ்மேன் தம் நினைவிலிருந்து வரைந்து கொடுத்த படம் நம்மிடம் இருக்கிறது. வார்ப்படப் பட்டறையில் அதை ஊற்றுவதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் உள்ள சக்கரத்தோடு ஒப்பிட ரயில்வே அலுவலர்களிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டிருக்கிறோம்.

பெட்டியை மீண்டும் பாதையில் ஓட்ட முடியுமா என்று பலர் ஆவலோடு கேட்கிறார்கள். அத்தனை செங்குத்தான பாதையில் பயணிகளை ஏற்றும் வண்டிக்கு வேண்டிய பிரேக் தகுதியும் பாதுகாப்புச் சான்றும் ஒரு தன்னார்வச் சங்கத்தின் கைக்கு எட்டாதவை. ஆகவே நிலையாக நிறுத்தி, மக்கள் ஏறி அமரும்படி வைப்பதே நம் இலக்கு என்று செயற்குழு தெளிவாக முடிவு செய்திருக்கிறது. பொய்யான நம்பிக்கையைக் காட்டி நன்கொடை கேட்பது முறையன்று. சக்கரங்களுக்கு மாற்றாகத் தண்டவாளத் துண்டின்மேல் அதை எவ்வாறு நிறுத்துவது என்பது குறித்து இரு வேறு வரைபடங்கள் தயாராக உள்ளன. இன்றைய கூட்டத்தில் அவற்றை உறுப்பினர்கள் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

தோப்புக் குடும்பத்தாருக்கும், ஆசாரி குடும்பத்துக்கும், லாரி வாடகையைப் பாதியாகக் குறைத்த நண்பருக்கும், ஞாயிறுதோறும் வந்த மாணவர்களுக்கும், சமைத்து அனுப்பிய உறுப்பினர் வீட்டுப் பெண்களுக்கும் சங்கத்தின் நன்றி. பிரேக்ஸ்மேன் மறைவதற்குச் சில நாட்கள் முன்பு, அவருடைய பேரன் அவரைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். ஒட்டுப்போட்டு முடித்த மேடையில் அவரை நாற்காலியோடு தூக்கி அமர்த்தினோம். பச்சைக் கொடி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. இப்போது வாங்கி வைத்திருக்கிறோம். மேடையின் தாங்கியில் அது செருகப்பட்டிருக்கிறது.

இவ்வறிக்கையையும், பொருளாளர் வாசிக்கவிருக்கும் கணக்கையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்