சத்துவாச்சாரி கத்தரிக்கா அக்காவுக்கு நன்றி

வேலூர் சத்துவாச்சாரியில தனியா இருக்கிற ஆயா வீட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும் நாலரை மணிக்கு வர்ற அக்காவுக்கு இந்தப் பதிவு. உங்க பேர் ஆயாவுக்கே தெரியல, "கத்தரிக்காப் பொண்ணு"ன்னுதான் சொல்றாங்க.

வயசானவங்க வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கிற எங்களுக்குத் தெரியும், "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா"ன்னு கேட்டுட்டுக் கிளம்புறது துணை ஆகாது. ஒரு வாரம் தினமும் வந்துட்டு அப்புறம் மாசக்கணக்கா காணாம போறது இன்னும் மோசம். வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க. நீங்க நாளை மாத்தவே இல்ல. அதுவும் உதவி செய்ய வரல, கேட்க வந்தீங்க. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கா அரை கிலோவை முன்னாடி கொட்டி, "ஆயா, எண்ணெய்க் கத்தரிக்காவுக்கு இத எப்படி அரியணும்?"

காம்பு முள்ளைக் கத்தரிக்கோலால நறுக்கிட்டு, அடியிலிருந்து நாலாக் கீறணும், காம்பு பிரியக் கூடாது. உடனே உப்புத் தண்ணியில போடணும், இல்லேன்னா கறுத்துடும். ரெண்டு மாசமா அடுப்பே பத்த வைக்காதவங்க எழுந்து போய் வாணலியில நல்லெண்ணெய் ஊத்தினாங்க. உப்புதான் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சாம்.

இப்ப ரெண்டு தட்டு கழுவிக் கவுத்து வெச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குப் புளியும் எடுத்து வெச்சாச்சு. வந்துடுங்க அக்கா.