என் பானையைத் தனியே வைத்தவர்களுக்கு

மாண்டலேயிலும் ரங்கூனிலும் இருக்கிற என் சொந்தங்களுக்கு வணக்கம்.

ரங்கூனில் நாத்தனார் வீட்டில் இருந்து எழுதுகிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் நலம். என் வீட்டுக்காரர் மிச்சம் மீதியைப் பார்த்து எடுக்க மாண்டலேக்கே திரும்பிப் போயிருக்கிறார். 2025 மார்ச் 28-இல் மாண்டலேயை இடித்துப்போட்ட நிலநடுக்கம் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுத நினைத்தாலே கை நடுங்குகிறது. போனில் கூப்பிடுகிற எல்லாரும் கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறீர்கள்: "அத்தனை நாளும் நீ என்னத்தம்மா சாப்பிட்டே?" அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் யார் யாருக்கோ கை கூப்ப வேண்டியிருக்கிறது. அதை எல்லாரும் அறியும்படியே செய்துவிடுகிறேன்.

எனக்குச் சீலியாக் இருப்பது உறவுக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோதுமை, பார்லி, ரை இவற்றில் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் வயிற்றுக்குள் போனால் என் உடம்பே என் சிறுகுடலைத் தாக்கும். இதைத் தீர்க்கிற மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் அதைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். சின்னவள் பிறந்த பிறகு ரத்தம் வற்றி, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் போய், சென்னையில் ரத்தம் சோதித்து, குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

நம் பர்மாவில் இதோடு குடும்பம் நடத்துவது மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. அரிசிதான் நம் சோறு. மோஹிங்கா என்கிற மீன் குழம்புச் சாப்பாட்டில் போடுவது அரிசி நூடுல்ஸ். மேலே பிய்த்துப் போடுகிற ஈச்சாகுவே என்கிற பொரித்த பலகாரம் மட்டும் கோதுமை மாவு. சோயா சாஸில் கோதுமை சேர்ப்பார்கள். கடைப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். என் சமையலறையில் மேல் தட்டு எனக்கு, கீழ்த் தட்டு மற்றவர்களுக்கு. எனக்கென்று தனி தோசைக்கல், தனிக் கரண்டி, தனி வடிகட்டி. பிள்ளைகள் டீக்கடையில் பலாத்தா (நம் பரோட்டாதான்) சாப்பிட்டு வந்தால் கை கழுவிவிட்டுத்தான் என் மடியில் ஏறுவார்கள். பெரியவனுக்கு ஆறு வயது, அவனே தங்கைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான். இதெல்லாம் பழகி, இப்படி ஒரு கஷ்டம் இருப்பதே மறந்துபோயிருந்தது.

தெருவில் தார்ப்பாய்க்குக் கீழே வந்த பிறகுதான் மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டுமே இல்லை என்று உறைத்தது. லாரிகளில் வந்து இறங்கியதெல்லாம் நூடுல்ஸ் பாக்கெட், பிஸ்கட், பிரெட், குழந்தைகளுக்கு மால்ட் பானத் தூள். நூடுல்ஸும் பிஸ்கட்டும் பிரெட்டும் கோதுமை, மால்ட் பார்லி. கொண்டுவந்தவர்கள் மேல் ஒரு சொல் குறை எனக்குக் கிடையாது. விரிசல் விட்ட ரோட்டில் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்த பையன்கள் அவர்கள். அடுப்பில்லாத, தண்ணீர் இல்லாத இடத்துக்கு வேறு எதைக் கொண்டுவர முடியும்? அவர்கள் தந்ததைத்தான் என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அந்தப் பையன்களுக்கும் என் முதல் நன்றி.

ஆனால் சின்னவள் இன்னும் பால் மறக்கவில்லை. நான் சாப்பிட்டால்தான் அவளுக்கு. பக்கத்துத் தெருவில் மண்ணுக்கடியில் ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது, "எனக்கு இது ஆகாது, வேறு கொடுங்கள்" என்று கேட்க நா எழவில்லை. வாழைப்பழம் கிடைத்தால் சாப்பிட்டேன். ஊறவைத்த கடலை இரண்டு வாய். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எனக்கு இந்த ஒன்று பறக்கக் கூடாது. வயிறு கெட்டுப் படுத்துவிட்டால் அந்த வெயிலில் இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது?

என் பாக்கெட்டை நான் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளிடம் தள்ளுவதைப் பார்த்தது ஒரே ஒருவர்தான். எங்கள் சந்து முனையில் மொன்டி என்கிற அரிசி நூடுல்ஸ் விற்கிற பர்மிய அம்மா. நாங்கள் டோலே, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவோம். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், போடவில்லை. அவருடைய கடைச் சுவர் விழுந்திருந்தது. தம்பி ஆற்றுக்கு அக்கரையில் சகாய்ங் பக்கம் இருந்தார், பழைய பாலம் இடிந்து விழுந்திருந்தது, போன் இல்லை, உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத நேரம் அது. அந்த நேரத்தில் என் தட்டைக் கவனித்திருக்கிறார்.

பக்கத்தில் வந்து குந்தி, "தமீ, மகளே, ஏன் சாப்பிடவில்லை?" என்றார். கோதுமை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பர்மியத்தில் சொன்னேன். வழக்கமாக இங்கிருந்துதான் பெரிய விளக்கம் தொடங்கும். கொஞ்சமாகச் சாப்பிட்டால் என்ன, மருந்து போட்டுக்கொண்டால் என்ன என்பார்கள். டோலே ஒன்றும் கேட்கவில்லை. எதோடு எது சேரக்கூடாது என்று படம் போட்ட அட்டையைச் சமையலறையில் மாட்டி வைக்கிற ஊர்க்காரர் அவர். ஒரு சாமான் ஒருத்திக்கு ஆகாது என்பதை நம்ப அவருக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை. "ஙாப்பி (மீனை உப்பில் புளிக்கவைத்த விழுது) ஆகுமா?" ஆகும். "கடலை மாவு?" ஆகும். "சோயா தண்ணீர்?" ஆகாது. "ஈச்சாகுவே பொரித்த எண்ணெய்?" இதை அவராகவே கேட்டார்! ஆகாது என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடியும் முன்னே அவர் செய்ததை நான் படுத்தபடியே பார்த்தேன். இடிந்த சுவரில் இருந்து மூன்று செங்கல் எடுத்து, மற்ற அடுப்புகளுக்கு எட்டத்தில் வைத்தார். அலுமினியப் பானை ஒன்றைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தார். உள்ளே, வெளியே, விளிம்பு மடிப்பில் விரல் நகத்தை விட்டு. பிறகு முந்தின நாள் பங்கில் கிடைத்த குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, முழுதும் ஊற்றி அலசினார். தண்ணீருக்கு நாங்கள் எப்படி நின்றோம் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். நான் எழுந்து ஓடி, "வேண்டாம் டோலே, குடிக்கிற தண்ணீர்" என்று கையைப் பிடித்தேன். "குடித்தாலும் வயிற்றுக்குத்தான் போகிறது, இதுவும் உன் வயிற்றுக்குத்தான் போகிறது" என்றார்.

அதில் அரிசியைப் போட்டு, உப்பு மட்டும் போட்டு, கஞ்சியாகக் காய்ச்சி, வாழையிலையால் வாயை மூடி நாரால் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். மேலே ஊற்ற நல்லெண்ணெய், வறுத்த எள். கரண்டியின் காம்பில் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்று கட்டியிருந்தது. அவர் கடையின் மேற்கூரைத் துணியில் கிழித்தது. அந்தக் கரண்டி வேறு பானைக்குள் போகக் கூடாது என்பதற்கு அடையாளம். யாரும் எடுத்துவிடாமல் அதைத் தன் லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டே நடந்தார்.

என்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். குளூட்டன் இல்லாதது என்று உணவில் அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக அளவில் வைத்திருக்கிற வரம்பு. நூடுல்ஸ் கிண்டிய கரண்டியைத் துடைக்காமல் கஞ்சிக்குள் விட்டால் போதும், அந்தக் கஞ்சி எனக்கு ஆகாது. படித்தவர்களுக்கே இதைப் புரியவைக்கப் பாடாய்ப் பட்டிருக்கிறேன். டோலே ஒரு கரண்டியில் துணி கட்டி முடித்துவிட்டார். ஒருநாள் தன்னார்வப் பையன் ஒருவன் அவசரத்தில் அந்தக் கரண்டியை நூடுல்ஸ் பானைக்கு நீட்ட, டோலே அவன் மணிக்கட்டிலேயே ஒன்று போட்டார். அதற்குப் பிறகு தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடம், சிவப்புத் துணி தமிழம்மாவுக்கு.

அந்தக் கஞ்சியின் முதல் வாய் உள்ளே போனபோது நான் அழுதேன். சின்னவளுக்குச் சாயங்காலம் பால் இறங்கியது.

சென்னையில் டாக்டர் சொன்ன கதை ஒன்று அந்த ராத்திரிகளில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இந்த நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்கிற டச்சுக் குழந்தை மருத்துவர். போருக்கு முன்பே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரில், ஹாலந்து பட்டினி கிடந்தது. ரொட்டி இல்லாமல் போன அந்தக் காலத்தில் இந்த நோய்ப் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950-இல் அவர் ஆய்வேடாகவே எழுதினார். ஊரே பசித்திருக்கும்போது எந்தப் பிள்ளை எதைச் சாப்பிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கக் கண் இருந்திருக்கிறது அவருக்கு. டோலே பள்ளிக்கூடத்தில் எவ்வளவு படித்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கண் அவருக்கும் இருக்கிறது.

அந்தப் பானை பிறகு எனக்கு மட்டும் என்று நிற்கவில்லை. பல் முளைக்காத குழந்தைகளுக்கும், வயிறு சரியில்லாத தாத்தா ஒருவருக்கும், நூடுல்ஸ் மசாலா காரம் தாங்காத கிழவிகளுக்கும் அதில் இருந்துதான் கஞ்சி போனது. வாயைத் திறந்து கேட்காதவர்கள் எத்தனை பேர் இருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

டோலேயின் தம்பி உயிரோடு இருக்கிறார். கால் எலும்பு முறிவு, தேறி வருகிறார். சேதி வந்த அன்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அழுதோம். தண்ணீர்த் திருநாளை இந்த வருஷம் எங்கள் தெருவில் யாரும் கொண்டாடவில்லை. ஆனாலும் நாங்கள் ரங்கூன் புறப்படும் முன் கொஞ்சம் ஒட்டரிசி மாவு தேடிப் பிடித்து, உள்ளே பனைவெல்லம் வைத்து உருட்டி, என் பானையிலேயே வேகவைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். அம்மாவும் தானும் ஒரே பலகாரத்தைச் சாப்பிட்டதில் பெரியவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னும் பல பேர் இருக்கிறார்கள். முதல் இரண்டு சாயங்காலமும் நோன்புக் கஞ்சி தந்த பாய் வீட்டார், பள்ளிவாசலில் சொந்த ரத்தத்தைப் பறிகொடுத்த துக்கத்திலும் என் கிண்ணத்தை நிரப்பினீர்கள். அல்லா உங்களுக்கு ஆறுதல் தரட்டும். கோயில் மடைப்பள்ளியில் பெருங்காயம் போடும் முன்னே சாம்பாரில் எனக்கென்று ஒரு தூக்குவாளி எடுத்து வைத்த அண்ணன்மார், ரங்கூனில் இருந்து அவலும் அரிசி மாவும் மூட்டை கட்டி அனுப்பிய அக்காமார், சிக்னல் கிடைத்தபோதெல்லாம் போனில் தைரியம் சொன்ன டாக்டரம்மா, பிள்ளைகளைத் தன் தார்ப்பாய்க்குக் கீழே இழுத்துக்கொண்டு என்னைத் தூங்கவிட்ட தெலுங்குக்கார அத்தை, பஸ்ஸில் எங்களுக்கு இடம் விட்டு நின்றுகொண்டே வந்த முகம் தெரியாத தம்பி, எல்லாருக்கும் என் நன்றி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கோயில் தமிழ் வகுப்பில் எழுதிப் பழகியவள் நான். நினைப்பதோடு நின்றால் போதாது என்று தோன்றுகிறது. 2008-இல் நர்கீஸ் புயல், 2023-இல் மோக்கா புயல், 2024 செப்டம்பரில் வெள்ளம், இப்போது இது. நம் ஆட்கள் ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டுகிறோம், இனியும் கட்டுவோம். அந்த மூட்டைகளில் ஒரு பங்கை இனி நான் கட்டுகிறேன் என்று இங்குள்ள அக்காமாரிடம் சொல்லிவிட்டேன். அவல், பொரி, வறுத்த வேர்க்கடலை, வெல்லம், அரிசி, உப்பு, புதுப் பானை ஒன்று, காம்பில் சிவப்புத் துணி கட்டிய கரண்டி ஒன்று. சமைக்காமலும் சாப்பிடலாம், தண்ணீர் கிடைத்தால் கஞ்சியும் வைக்கலாம். என் மூச்சு இருக்கிற வரை இதைச் செய்வேன். கூட நிற்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயில் வாசலில் என்னைப் பாருங்கள். வீட்டில் இப்படி எதுவும் ஆகாத பிள்ளையோ பெரியவரோ இருந்தால் அதையும் வந்து சொல்லுங்கள். அவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டு அதையும் சேர்த்துக் கட்டலாம்.

மாண்டலேயில் வாங்கிய தூக்குவாளி இரண்டும், பாய் வீட்டுக் கிண்ணம் ஒன்றும் என்னிடமே வந்துவிட்டன. கழுவிக் காயவைத்து, என் வீட்டுக்காரருக்கு அடுத்துச் சாமான் அனுப்பும்போது அதோடு அனுப்புகிறேன். தூக்குவாளி கோயிலில் இருக்கும், கிண்ணத்தை அவரே நேரில் கொண்டுவந்து தருவார். டோலேக்கு இந்த மடலை அவரே பர்மியத்தில் படித்துக் காட்டுவார். கூடவே பத்துக் கிலோ அரிசியும், அவருக்குப் பிடித்த எள்ளுருண்டையும் வருகிறது, மறுக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.