மறுநாள் காலைத் தலைவலியும் மருந்துக் கடை ‘செட்’ மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் மருந்தாளுநராகப் பல்லாண்டுகளாகப் பணியாற்றி வருபவன் என்ற முறையில், மது அருந்திய மறுநாள் காலையில் வரும் ‘ஹேங்ஓவர்’ என்னும் தலைவலிக்கும் குமட்டலுக்கும் நம் ஊர்களில் தேடப்படும் நிவாரணம் குறித்து எழுதுகிறேன். பண்டிகைக்கு மறுநாள் கடை திறந்தவுடன் வருவோரில் பலர், “தலை வெடிக்குது சார், ஒரு செட் போட்டுக் குடுங்க” என்றுதான் கேட்கிறார்கள். அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு மூன்று மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் அந்தச் செட்டில், டைக்ளோஃபீனாக் போன்ற வலி மாத்திரையும் பாராசிட்டமாலும் இருப்பது பல கடைகளில் வழக்கமாக உள்ளது. மதுவால் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் இரைப்பையில், அதுவும் வெறும் வயிற்றில், டைக்ளோஃபீனாக் விழுந்தால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். பாராசிட்டமால் சிதையும்போது உண்டாகும் நச்சை முறிக்கக் கல்லீரலுக்குக் குளுட்டாதயோன் தேவை. நாள்தோறும் குடிப்பவரிடம் அது குறைந்திருப்பதால், பிறர் தாங்கும் அளவைக்கூட அவருடைய கல்லீரல் தாங்காமல் போகலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்தச் செட்டைக் கொடுப்பதை என் தொழிலைச் சேர்ந்தவர்கள் நிறுத்த வேண்டும்.

உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை மது அடக்கிவிடுவதால், குடித்தவர் இரவெல்லாம் சிறுநீர் கழித்து நீரையும் உப்பையும் இழக்கிறார். உறக்கம் கலைகிறது, இரத்தச் சர்க்கரை இறங்குகிறது, மது சிதைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடும் வாட்டுகிறது. ஆகவே காலையில் உடல் கேட்பது நீரும் உப்பும் எளிய உணவும் ஓய்வும்தான். உப்புப் போட்ட நீராகாரம், நீர்மோர், இளநீர், அல்லது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலை ஒரே மூச்சில் குடிக்காமல் சிறிது சிறிதாகக் குடித்து, வயிறு ஏற்றுக்கொண்டதும் கஞ்சியோ இட்லியோ உண்டு உறங்குவது நல்லது. கடுங்காப்பியோ குளிர்ந்த நீர்க் குளியலோ போதையைச் சீக்கிரம் இறக்கிவிடாது.

180 மி.லி. குவாட்டர் பாட்டிலில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் சிதைக்கும். அப்படியானால் இரவு பத்து மணிக்குக் குவாட்டர் முடித்தவரின் இரத்தம் தெளிய விடியற்காலை வரையாவது ஆகும். ஆஃப் குடித்தவருக்கோ மறுநாள் பிற்பகல் வரைகூட ஆகலாம். 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. ‘ராத்திரிதானே குடித்தேன்’ என்று காலையில் வேனையும் லாரியையும் எடுப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வராமல் தடுக்க, குடிக்காமல் இருப்பதே உறுதியான வழி. அதற்கு உடன்படாதவர்கள், குறைந்தபட்சம் சோறு உண்ட பிறகு, தண்ணீர் கலந்து, இடையிடையே வெறும் தண்ணீரும் குடித்து, மெதுவாகவும் குறைவாகவும் அருந்தலாம். கடை அடைக்கும் நேரத்துக்கு முன் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் ‘ராவாக’ ஊற்றிக்கொள்வதுதான் மறுநாள் பாடுபடுத்துகிறது.

எல்லாக் காலைத் துன்பமும் ஹேங்ஓவர் அல்ல என்பதைச் சொல்லவே முக்கியமாக இக்கடிதத்தை எழுதுகிறேன். நாள்தோறும் குடிப்பவருக்குக் காலையில் கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்து, ஒரு ‘கட்டிங்’ போட்டவுடன் அடங்குமானால், அது குடிநோயின் அறிகுறி. அவர் திடீரென்று தாமாக நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். அத்தகையவருக்குத் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து குறைந்திருப்பதால், அதைக் கொடுக்காமல் ‘குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது’ மூளையைப் பாதிக்கலாம்.

இதைவிடக் கொடியது, கள்ளச்சாராயத்தில் கலந்திருக்கும் மெத்தனால் என்னும் நஞ்சு. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் இறந்த கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளை இப்பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறுவதற்கு நேரம் பிடிப்பதால், அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே, அதாவது ஹேங்ஓவர் வருகிற அதே வேளையில் தென்படுகின்றன. தொடக்கத்தில் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி என்று அதைப் போலவே இருக்கின்றன. ஹேங்ஓவர் மாலைக்குள் தணிந்துவரும், மெத்தனால் நஞ்சோ முற்றிக்கொண்டே போகும். பார்வை மங்கினாலோ, கண்முன் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, ‘தூங்கினால் சரியாகிவிடும்’ என்று படுக்க விடாமல் 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காவல்துறைக்கு அஞ்சி மறைக்காமல், என்ன குடித்தார், எப்போது குடித்தார், உடன் குடித்தவர்கள் யார் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நச்சுமுறிவு மருந்தும் டயாலிசிஸும் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிரையும் பார்வையையும் காக்க முடியும்.

பாட்டிலில் பொடி எழுத்தில் அச்சிடும் எச்சரிக்கையோடு நின்றுவிடாமல், இந்த அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு டாஸ்மாக் கடையிலும், கள்ளச்சாராயம் புழங்கிய கிராமங்களின் நியாயவிலைக் கடைகளிலும் பலகையாக வைக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.