கை வைக்காட்டியும் ஓடும் பாட்டு

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள சேக்காளிக்கு,

வாட்ஸப்பில் ரெண்டு வரி தட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் ஏன் பாட்டுக் குழுவை விட்டேன், நீயும் ஷார்ஜா குழுவை விட்டுவிடலாமா என்று நீ கடிதத்தில் கேட்டிருப்பது அப்படி முடிகிற விஷயமில்லை. இன்று கடை லீவு, வெளியே தலை காட்ட முடியாத வெயில், இந்த வருஷம் சாரலும் பேருக்குத்தான். அதனால் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

முதலில் உன் வீட்டுச் சேதி. அம்மா நன்றாக இருக்கிறார்கள். போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன், முழங்கால் வலியோடு நின்று முருங்கைக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவில் வரக் கூடாதா என்று கேட்டேன். "அவன் கேக்க காசுக்கு ஒரு வாரத்துக் காய் வாங்கிருவேம்ல" என்றார்கள். உன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் விரிசலை ஆள் வைத்துப் பூசியாகிவிட்டது. மீதிப் பணம் என்னிடம் இருக்கிறது, வரும்போது கணக்குப் பார்த்துக்கொள்.

அடுத்தது நீ கேள்விப்பட்ட சேதி. ஆமாம், கச்சேரிப் பார்ட்டியை விட்டுவிட்டேன். சம்பளப் பாக்கி, சண்டை என்று உன்னிடம் யாரோ சொன்னது வெறும் கதை. ஒத்துக்கொண்ட ஆவணி மாதக் கோயில் கொடைத் திருவிழாக்களை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். தசராவுக்கு வேறு ஒரு பையன் என் இடத்தில் நிற்பான்.

"இத்தனை வருஷம் இல்லாமல் இப்ப மட்டும் என்னலே வந்தது" என்று கேட்டிருக்கிறாய். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நாம் பிராக்டீஸ் பண்ணின சிந்துபூந்துறை ரூமிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கச்சேரியைவிட எனக்குப் பிராக்டீஸ்தான் எப்போதும் பெரிசு. சுவர் முழுக்க முட்டை அட்டை, ஒரே ஒரு டேபிள் ஃபேன், அதுவும் டிரம்ஸ்காரர் பக்கமே பார்த்து நிற்கும். புதுப் பாட்டு எடுத்தால் கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்போம். அந்த டேப் ரெக்கார்டர் கொஞ்சம் வேகமாக ஓடும். நாலு கட்டைப் பாட்டு நாலுக்கும் நாலரைக்கும் நடுவே எங்கேயோ போய் நிற்கும். நான் கீபோர்டின் டியூனிங்கை ஏற்றி டேப்போடு சேர்த்து, நீ பேஸ் கிட்டார் கம்பியை முறுக்கி என்னோடு சேர்வதற்குள் டீ ஆறிப்போகும். அப்புறம் இடையிசை. வயலின்கள் கூட்டமாக இறங்குகிற இடத்தில் அடியில் பேஸ் எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபடவே பிடிபடாது. நீ ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, "ஏலே, அது 'ச'வுக்கு வரல, 'க'வுலயே நிக்கி" என்பாய். நான் நம்ப மாட்டேன். வாசித்துப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரியாக இருக்கும். அந்த ஒரு சுரம் மாறியதும் அதே கோர்டு வேறு எங்கேயோ கூட்டிக்கொண்டு போகும். ராத்திரி சுலோசன முதலியார் பாலத்தில் சைக்கிள் மிதித்து வரும்போது அந்த இடத்தையே திரும்பத் திரும்ப முனகிக்கொண்டு வருவேன்.

அந்த ரூம் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு போனது. 17, 18 தேதிகளில் ஆறு ஊருக்குள் வந்ததை நீ டிவியில் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்றார்கள். சிந்துபூந்துறையிலும் ஜங்ஷனிலும் வீடுகளுக்குள் தண்ணீர். நல்லவேளை, என் கீபோர்டு என் வீட்டில் இருந்தது. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தால் முட்டை அட்டையெல்லாம் ஊறி, கஞ்சி போலத் தரையில் கிடந்தது. கழுவிவிட்டு, பார்ட்டியை நடத்துகிற அண்ணாச்சி சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். அடுத்த ரூம் எங்கே பார்க்கலாம் என்று எங்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிருந்தது. அதற்குள், பாடுகிறவர் குரல் மட்டும் இல்லாமல் மற்ற இசையெல்லாம் பதிவான மைனஸ் டிராக் வந்து உட்கார்ந்துவிட்டதே.

அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கொரோனாவில் 2020லும் 2021லும் கொடைகள் நின்று போனபோது, ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியை விற்று வாசிக்கிறவர்கள் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்ட மனுஷன். கொடை திரும்ப நடக்க ஆரம்பித்ததும் ஊர்க் கமிட்டிகள் பழைய ரேட்டுக்கே கேட்டன. வேன், டீசல், சாப்பாடு எல்லாம் ஏறிக் கிடக்கிறது. ஒரு ஊரில் ஆடல் பாடல், பக்கத்து ஊரில் டிஜே. ஒரு வேன் நிறைய ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் கைக்காசுதான் போகும். பாதிப் பேரோடு போய் மீதியை லேப்டாப்பில் ஓட்டினால் ஏதோ நிற்கும். முதலில் தபேலா போனது, பிறகு புல்லாங்குழல், பிறகு உன் இடத்துக்கு வந்த பையன், கடைசியில் டிரம்ஸ். மேடை காலியாகத் தெரியக் கூடாது என்று கீபோர்டை மட்டும் விட்டுவைத்தார். என் சத்தம் டிராக்கோடு இடிக்கிறது என்று மிக்ஸர்காரர் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்து ஒரு நாள் மொத்தமாக மூடிவிட்டார். அதற்குப் பிறகும் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு நான் விரலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த ஆடியில் ராதாபுரம் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை. போலீஸ் அனுமதிக் கடிதத்தில் வழக்கமான நிபந்தனைகள்: சாதிப் பாட்டு கூடாது, கட்சிப் பாட்டு கூடாது, இன்ன மணிக்கு மைக்கை நிறுத்த வேண்டும். அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிய கமிட்டிக்காரரே சற்று நேரத்தில் நூறு ரூபாய் நோட்டுக்குள் துண்டுச் சீட்டை மடித்து அனுப்பினார், கூடாது என்ற அதே பாட்டைக் கேட்டு. அது நமக்குப் பழகியதுதான். அறிவிப்பாளர் "அடுத்த சுற்றில்" என்று சொல்லியே காலம் தள்ளிவிட்டார்.

பாட்டுக்கு நடுவில் கரண்டு போனது. ஜெனரேட்டரை மாற்றிப் போடச் செத்த நேரம் ஆகும் இல்லையா? ஸ்பீக்கர் அணைந்துவிட்டது, லேப்டாப் அணையவில்லை. அதற்குத்தான் பேட்டரி இருக்கிறதே! அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கரண்டு வந்ததும் பெட்டியிலிருந்து ரெண்டாவது சரணத்தின் பாதி வந்து விழுந்தது. பாடுகிற அக்கா எங்கே சேர்வது என்று தெரியாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் பழக்கத்தில் கோர்டை அழுத்தினேன், சத்தம் வந்தால்தானே! முன்னால் உட்கார்ந்திருந்த பொடிசுகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவர்கள் சிரித்ததில் தப்பே இல்லை. களக்காட்டில் நம் காலத்தில் இப்படிக் கரண்டு போனபோது என்ன செய்தோம் என்று யோசித்துப் பார். நீயும் நானும் ஊமையாகிப்போன கருவிகளை வைத்துவிட்டுக் கை தட்டினோம், டோலக் மாமா மேடை நுனிக்கு வந்து உட்கார்ந்தார், அக்கா மைக் இல்லாமலே பாடினார். பொம்பளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிட்டக்க வந்து உட்கார்ந்தார்கள். கரண்டு வந்த பிறகும் அந்தப் பாட்டை அப்படியே முடிக்கச் சொன்னார்கள்.

ராதாபுரத்தில் மைக்கை நிறுத்தி, சாமானை வேனில் ஏற்றிவிட்டுக் கோயில் பக்கம் போனேன். நடுச்சாமத்துப் பூஜையான சாமக்கொடை, சாமி கதையைப் பாடி ஆடுகிற கணியான் கூத்து. மகுடம் என்கிற தோல்கருவியை அடிக்கிறவர்கள் ரெண்டு பேரும் தீயில் தோலைக் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தட்டுவதும், தலையை ஆட்டுவதும், மறுபடி தீயில் காட்டுவதுமாக அவர்கள் சுருதி சேர்த்த பொறுமையைப் பார்த்ததும் உன் பேஸ் கம்பி ஞாபகம்தான் வந்தது. சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வந்ததும், கதை பாடுகிற அண்ணாவி கதையை அந்த இடத்திலேயே நிறுத்திப் பிடித்து, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். மகுடம் அடிக்கிறவர்களின் கண் அண்ணாவி மேல் இல்லை, சாமியாடுகிறவர் காலில் இருந்தது. கால் வேகமெடுத்தால் அடியும் வேகமெடுக்கிறது. அவர் தளர்ந்தால் அடியும் தளர்கிறது. அவர் மலையேறின பிறகுதான் கதை அடுத்த வரிக்கு நகர்ந்தது.

நாமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அக்காவுக்கு மூச்சு வாங்கினால் இடையிசையில் ஒரு சுற்றைக் கூட்டுவேன். நான் தலையை நிமிர்த்தும்போதே உனக்குத் தெரிந்துவிடும், கூடவே வருவாய். தொண்டை கட்டிய நாளில் அரைக் கட்டை இறக்குவோம், கேட்கிறவர்களுக்குத் தெரியாது. டிராக் யார் முகத்தையும் பார்க்காது. எனக்கு விட்டுப்போனது அந்த முகம் பார்த்து வாசிக்கிற சுகம். அது போன பிறகு மேடையில் நின்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? லிஸ்டில் இன்னும் எத்தனை பாட்டு மிச்சம் என்று.

அண்ணாச்சியிடம் போனில் சொல்லக் கூடாது என்று பேட்டைக்கு நேரில் போனேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"சம்பளம் கூட்டணுமால?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி."

"மேலுக்கு முடியலையோ?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன என்னல? நீ கை வைக்காட்டியும் பாட்டு ஓடும். சும்மா வந்து நின்னுட்டுப் போயேன். நோவாம வாற காச விடுவானா ஒருத்தன்?"

என்னைப் போகவிடாமல் பிடித்துவைக்கத்தான் பாவம் அப்படிச் சொன்னார். எனக்கு ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அதோடு தீர்ந்தது.

அக்காவிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. "ஒனக்குக் கடை இருக்கு தம்பி, நீ விடலாம்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மேடைக் காசிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவருக்குச் சலிப்பு வந்தாலும் பாடத்தான் வேண்டும். ஜெராக்ஸ் கடை மட்டும் இல்லையென்றால் நானும் இன்றைக்கு விரலை ஆட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அதனால், சந்தோஷம் இல்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

டோலக் மாமா எனக்கு முன்பே வெளியே வந்துவிட்டார், அதாவது அனுப்பப்பட்டுவிட்டார். வீரவநல்லூர் பக்கம் கச்சேரிக்குப் போகும்போதெல்லாம் நாகஸ்வர வித்வான் அருணாசலத்தின் ஊரான காருகுறிச்சி வந்ததும் பேச்சை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்வாரே, அதே மாமாதான். "ராஜரத்தினம் பிள்ளை சிஷ்யன் பொறந்த மண்ணுலே, பைய ஓட்டு" என்று டிரைவரிடம் சொல்வார். இப்போது ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகிறேன். பழைய ஹார்மோனியம் ஒன்று இருக்கிறது, ரெண்டு கட்டை ஊமை. போன வாரம் ஒரே ஒரு பாட்டைத்தான் எடுத்தோம், அதுவும் முடியவில்லை. சரணத்தில் நடை மாறுகிற இடத்தில் அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, அவர் வீட்டு அத்தை வந்து காப்பியை வைத்துவிட்டு "மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொடை மாதங்களில் வந்துகொண்டிருந்த காசு இனி வராது. ஸ்கூட்டர் தவணையைக் கடையிலிருந்துதான் கட்ட வேண்டும். செவ்வாய், வெள்ளி ராத்திரிகளில் ரெண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை, உடம்பு இன்னும் வேனுக்காகக் காத்திருக்கிறது. சமாதானபுரம் பக்கம் மைக்செட் கேட்டால் காது தானாகச் சுருதியைப் பிடிக்கிறது, அப்புறம் டிராக் என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறது. வீட்டில் என்னவோ, முன்னே மாதிரி சட்டை மாட்டும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை என்கிறார்கள்.

இனி உன் கதைக்கு வருகிறேன். ஷார்ஜா குழுவை நீயும் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பாதிக்கு மேல் அந்த மலையாளத்து டிரம்மரோடு நீ போட்ட சண்டைதான். பல்லவி முடிந்து திரும்புகிற இடத்தில் அவர் முந்திவிடுகிறார், கிக் டிரம்மும் உன் பேஸும் சேர மாட்டேன் என்கிறது என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை பிராக்டீஸுக்கு அவர் லேட்டாக வந்ததற்கு இன்னொரு பக்கம். சலித்துப்போனவன் எழுதுகிற எழுத்தா இது? கடைசி ரெண்டு வருஷம் நான் யாரோடும் சண்டை போடவில்லை. யார் எங்கே முந்தினால் எனக்கென்ன என்று இருந்தேன். உனக்கு அப்படி இல்லை. அந்த டிரம்மரைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் யாரும் இல்லாமல், கிக்கும் பேஸும் மட்டும் ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். நாம் செய்ததுதான். அதற்கும் சரிவரவில்லை என்றால் எனக்கு எழுது, அப்போது யோசிக்கலாம். வாடகை பங்கு போடுவதில் தகராறு என்றாயே, அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

தீபாவளிக்கு வருவதாக இருந்தால் உன் பழைய பேஸுக்கு ஒரு செட் கம்பி வாங்கி வா. பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன், தடிக்கம்பி துருப்பிடித்து இருக்கிறது, கழுத்து வளையவில்லை. மாமா வீட்டில் ஆம்பிளிஃபயர் கிடையாது, சின்னதாக ஒன்று யாரிடமாவது இரவல் கேட்டு வைக்கிறேன். அம்மாவுக்கு முழங்காலுக்குப் போடும் அந்த உறையும் வேண்டுமாம், மீடியம் சைஸ். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லு.

அன்புடன்,
உன் சேக்காளி